கூதிரும் முன்பனியும்: சாலைப் பயணம்

நுழையும்முன்

குளிர்காலம் என்றதும் இமயத்தின் பனிமூடிய சாலைகளே பலருக்கு நினைவுக்கு வரும். சித்தூரிலும் திருப்பதியிலும் வெண்பனி பொழிவதில்லை. ஆயினும் இங்கும் குளிர்காலச் சாலைகள் இடர் மிக்கவை. அவ்விடர்கள் தோன்றும் முறையையும் அவற்றிலிருந்து தற்காத்துக்கொள்ளும் நெறிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

பெரும்பொழுதும் பயணமும்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மலைநிலமாகிய குறிஞ்சிக்கு இவ்விரண்டையும் உரியனவாகத் தொல்காப்பியம் கூறுகிறது. அந்நூலின் சிறப்புப்பாயிரம் தமிழ்நிலத்தின் வட எல்லையாகக் குறிக்கும் வேங்கடம் இன்றைய திருமலையே ஆகும்.

இக்காலத்தில்தான் மக்களின் பயணமும் மிகுகிறது. கார்த்திகைத் தீபத்திற்குத் திருவண்ணாமலைக்கும், வைகுண்ட ஏகாதசிக்குத் திருமலைக்கும், பொங்கலுக்குச் சொந்த ஊருக்கும் குடும்பங்கள் சாலைவழியே செல்கின்றன. எனவே இப்பருவத்தின் இயல்பை அறிதல் அனைவருக்கும் தேவை.

கூதிர்: மழையும் பாறைச்சரிவும்

வடகிழக்குப் பருவக்காற்று வீசும் இக்காலத்தில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் உருவாகின்றன. 2021 நவம்பரில் அத்தகைய ஒரு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. நவம்பர் 18 அன்று திருப்பதியிலும் திருமலையிலும் பெருமழை கொட்டியது. மலைப்பாதைகள் மூடப்பட்டன. ஸ்ரீவாரிமெட்டுப் படிவழி பெரிதும் சிதைந்தது. சீரமைக்கப்பட்டு 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. சுவர்ணமுகி ஆறு கரைபுரண்டது. இராயலசெருவு ஏரிக்கரை உடையும் அச்சத்தால் கீழுள்ள ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டனர். நெல்லூர் அருகே பெண்ணையாற்று வெள்ளம் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையைத் துண்டித்தது.

இடர் அத்துடன் முடியவில்லை. 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இன்று திருமலையிலிருந்து இறங்குவதற்கும், இரண்டாம் மலைப்பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. டிசம்பர் 1 அன்று அதிகாலையில் இரண்டாம் மலைப்பாதையில் பெரும்பாறைகள் சரிந்து விழுந்து சாலையைப் பெயர்த்தன. நல்வாய்ப்பாக உயிரிழப்பு நேரவில்லை.

திருமலையின் மேற்பகுதி குவார்ட்சைட் என்னும் கடினமான பாறை அடுக்குகளால் ஆனது. பாறை கடினமாயினும் அதில் வெடிப்புகள் உண்டு. தொடர்மழையின் நீர் வெடிப்புகளில் புகுந்து, இடையிலுள்ள மண்ணை அரித்து, பாறையின் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஆகவே வானம் வெளுத்த உடனே மலைச்சாலை பாதுகாப்பானது எனக் கருதுதல் தவறு.

முன்பனி: மூடுபனி

கூதிர்மழை ஏரிகளையும் வயல்களையும் நிரப்பிச் செல்கிறது. மார்கழியில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் நிலம் விரைந்து குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளிகளாகிறது. இதுவே மூடுபனி. கூதிர் தந்த நீரே முன்பனியில் சாலையை மறைக்கும் திரையாகிறது.

மணிக்கு 60 கி.மீ. விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். 50 மீட்டர் வரையே கண்ணுக்குத் தெரியுமானால், எதிரே நிற்கும் லாரியைக் கண்டபின் ஓட்டுநருக்குக் கிடைப்பது மூன்று நொடி. அதில் ஒரு நொடி, கண்டதை உணர்ந்து தடையை மிதிப்பதற்கே செலவாகும். ஈரச்சாலையில் வண்டி நிற்க மேலும் தொலைவு வேண்டும்.

பயண நெறிகள்

1. புறப்படுமுன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையை அறிக. மஞ்சள் விழித்திருக்கவும், ஆரஞ்சு ஆயத்தமாகவும், சிவப்பு உடனே செயற்படவும் சொல்கின்றன.
2. வெள்ளம் ஓடும் தரைப்பாலத்தைக் கடவாதீர். ஏறத்தாழ 30 செ.மீ. உயர நீரே சிறு மகிழுந்தை மிதக்கச் செய்யும்.
3. மூடுபனியில் முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்துக. உயர்ந்த ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச்செய்யும்.
4. வெயில் ஏறி மூடுபனி விலகும்வரை பயணத்தைத் தள்ளிவைத்தலே சிறந்த காப்பு. பொங்கற்பானை சற்றுத் தாமதமாகப் பொங்கலாம். வீட்டார் அனைவரும் அதைச் சூழ்ந்து நிற்றலே முதன்மை.

சொற்பொருள்

இடர் – துன்பம்
விரைவு – வேகம்
தரைப்பாலம் – ஆற்றின் குறுக்கே தாழ்வாக அமைந்த பாலம்
தடை – வண்டியை நிறுத்தும் கருவி (பிரேக்)

மதிப்பீடு

1. கூதிருக்கும் முன்பனிக்கும் உரிய திங்கள்கள் யாவை?
2. கடினமான பாறையும் மழைக்காலத்தில் சரிவது ஏன்?
3. மணிக்கு 36 கி.மீ. விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் எத்தனை மீட்டர் கடக்கும்?
4. பொங்கலுக்கு விடியற்காலையில் புறப்பட எண்ணும் மாமாவிற்கு, வெயில் ஏறியபின் புறப்படுமாறு வேண்டி ஒரு கடிதம் எழுதுக.