புதுக் கணினியில் பழுதான பாத்திகள்

மாணவர்களே! பழைய பொருள்தான் பழுதாகும், புதுப் பொருள் பழுதாகாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இந்த எண்ணம் சரியா? ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டு இதை ஆராய்வோம்.

2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம். கம்பத்திலிருந்து என் தமக்கையின் மகள் தேனியில் உள்ள என் வீட்டிற்கு வந்தாள். கல்லூரியில் சேர்ந்திருந்த அவளுக்குக் கடையில் மடிக்கணினி வாங்கிப் பத்து நாட்களே ஆகியிருந்தன. அதைத் திறந்து வைத்து, "மாமா, அம்மாச்சி பாட்டு பாதியிலேயே நின்னு போகுது. என்னன்னு பாருங்க" என்றாள்.

அந்த ஆண்டு பொங்கலின்போது, நாற்று நடவுப் பாட்டுகளை அம்மாச்சி பாட, அவள் கைப்பேசியில் பதிவு செய்திருந்தாள். மொத்தம் 40 நிமிடம். சித்திரையில் அம்மாச்சி காலமாகிவிட்டார். புதுக் கணினி வந்ததும் பதிவை அதற்கு மாற்றிவிட்டு, இடம் வேண்டும் என்று கைப்பேசியில் இருந்ததை அழித்துவிட்டாள். இப்போது பாட்டு பதினெட்டாவது நிமிடத்தில் நின்றது. கணினியும் அசையாமல் நின்றது. வேறு படி எங்கும் இல்லை. அவளுக்கு அவர் அம்மாச்சி, எனக்கு அம்மா. ஆகவே அவசரப்படாமல் யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது.

வன்தட்டின் உள்ளே

கணினியில் தகவல்களை நிலையாகச் சேமித்து வைக்கும் கருவிகளுள் ஒன்று வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய முதல் வன்தட்டில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அந்தக் கருவி 50 லட்சம் எழுத்துகளைத்தான் சேமித்தது. மடிக்கணினியின் வன்தட்டோ உள்ளங்கையில் அடங்குவது. அதில் 500 கிகாபைட், அதாவது 50,000 கோடி எழுத்துகள் அடங்கும்.

இதன் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் உள்ளன. தட்டின் மேல் மிக மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். படலத்தின் நுண்ணிய பகுதிகளைக் காந்தமாக்கி, அவற்றின் காந்தத் திசைகளால் 0, 1 என்னும் இரும எண்களை எழுதுகிறார்கள். அந்தத் திசைகளை உணர்ந்து படிப்பது 'ஹெட்' என்னும் தலை. காந்தப் புலம் மாறும்போது சில மெல்லிய அடுக்குகளின் மின்தடை பெரிதும் மாறுவதை ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் ஆகிய இருவரும் 1988-இல் தனித்தனியே கண்டறிந்தனர். வன்தட்டுகளின் கொள்ளளவு பெருகுவதற்குத் துணைசெய்த இந்தக் கண்டுபிடிப்புக்காக 2007-இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தத் தலை தட்டைத் தொடுவதில்லை! மடிக்கணினி வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 சுற்றுகள், அதாவது வினாடிக்கு 90 சுற்றுகள் சுழலும். மையத்திலிருந்து 3 செ.மீ. தொலைவிலுள்ள புள்ளியின் வேகம் என்ன?

வேகம் = 2 × 3.14 × 0.03 × 90 = வினாடிக்குச் சுமார் 17 மீட்டர்.

அதாவது மணிக்கு 61 கிலோமீட்டர். தேனியிலிருந்து கம்பம் செல்லும் பேருந்தின் வேகம்! தட்டோடு சேர்ந்து காற்றும் இழுத்துச் செல்லப்படுகிறது. அந்தக் காற்று மெத்தையின் மேல் தலை மிதக்கிறது. மிதக்கும் உயரம் சில நானோமீட்டரே. நம் தலைமயிரின் தடிப்பு சுமார் 70,000 நானோமீட்டர் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காற்று மெல்லியதாகிவிட்டால் தலை மிதக்க முடியாது. எனவேதான் சாதாரண வன்தட்டுகளைச் சுமார் 3000 மீட்டர் உயரத்திற்கு மேல் இயக்க வேண்டாம் என்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரம் 2695 மீட்டர். ஆகவே போடிமெட்டிலும் குமுளியிலும் நம் கணினிக்கு இந்தக் கவலை இல்லை. லடாக்கின் உயர்ந்த கணவாய்களில்தான் கவலை.

செக்டர் என்னும் பாத்தி

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய நிலத்தை வரப்புகளால் பிரித்து வைத்திருப்பார்கள். வன்தட்டையும் அப்படியே பிரிக்கிறார்கள். தட்டின் மேல் ஒரே மையமுள்ள வட்டத் தடங்கள் பல உண்டு. ஒவ்வொரு தடமும் சிறுசிறு பாத்திகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தப் பாத்திக்குத்தான் செக்டர் என்று பெயர். முன்பு ஒரு செக்டரில் 512 எழுத்துகள் அடங்கின. 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 4096 எழுத்துகள் அடங்கும் செக்டர்கள் வழக்கத்திற்கு வந்தன. இந்தக் கணக்கின்படி 500 கிகாபைட் வன்தட்டில் சுமார் 12 கோடியே 20 லட்சம் பாத்திகள் இருக்கும்.

இத்தனை கோடிப் பாத்திகளில் ஒன்றுகூடக் குறையில்லாமல் ஒரு தட்டைச் செய்ய இயலுமா? இயலாது. ஆகவே தொழிற்சாலையிலேயே எல்லாவற்றையும் சோதித்து, பழுதானவற்றைப் பட்டியலிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். இவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலும், பின்னால் பழுதாகும் செக்டர்களுக்கு மாற்றாக உபரிச் செக்டர்கள் சிலவற்றையும் வைத்திருக்கிறார்கள். நாற்றங்காலில் கூடுதல் நாற்று விட்டு வைத்து, பட்டுப்போன இடத்தில் நடுவது போன்ற ஏற்பாடு இது.

சரி, ஒரு செக்டர் பழுது என்று வன்தட்டுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு செக்டரிலும் தகவலோடு சில சரிபார்ப்பு எண்களும் எழுதப்படுகின்றன. படித்த தகவல் இந்த எண்களோடு பொருந்த வேண்டும். சிறு பிழையாக இருந்தால் இவற்றைக் கொண்டே திருத்திவிடலாம். இத்தகைய பிழை திருத்தும் முறைகளுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் ரிச்சர்ட் ஹாமிங். அவருடைய கட்டுரை 1950-இல் வெளிவந்தது. திருத்த முடியாத அளவுக்குப் பிழை மிகுந்தால் வன்தட்டு அந்தச் செக்டரை மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் தட்டு ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். அதற்கு 1/90 வினாடி ஆகும். நூறு முறை முயன்றால் ஒரு வினாடிக்கு மேல் ஆகிவிடும். கெட்ட செக்டர்கள் உள்ள கணினி திடீரென்று அசையாமல் நிற்பது இதனால்தான்.

பழுது எப்படி வருகிறது?

மூன்று வழிகளைக் கூறலாம். ஒன்று, காந்தப் படலத்தில் இருந்த நுண்ணிய குறை தொழிற்சாலைச் சோதனையில் தப்பிப் பின்னர் வெளிப்படுவது. இரண்டு, அதிர்ச்சியால் தலை தட்டில் மோதுவது. மூன்று, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுபோவது. இந்த மூன்றாவது வகையில் படலம் கெடுவதில்லை. தகவலும் சரிபார்ப்பு எண்களும் பொருந்தாமல் போகின்றன, அவ்வளவே. அங்கே மறுபடியும் எழுதினால் செக்டர் சரியாகிவிடும். இதை மென்பழுது என்றும், முதல் இரண்டையும் வன்பழுது என்றும் சொல்லலாம்.

அதிர்ச்சியின் அளவைப் பத்தாம் வகுப்பு இயற்பியல் கொண்டே கணக்கிடலாம். h உயரத்திலிருந்து விழும் பொருள், தரையில் d தொலைவுக்குள் நின்றால், அதன் எதிர்முடுக்கம் g-ஐப் போல் h/d மடங்கு. 30 செ.மீ. உயரத்திலிருந்து கல் தரையில் விழுந்து 1 மி.மீ.க்குள் நின்றால் 300 மடங்கு! அதே கணினி மெத்தையில் விழுந்து 3 செ.மீ. அமுங்கி நின்றால் 10 மடங்கு மட்டுமே. கணினியை அணைத்த பின் தலை தட்டைவிட்டு விலகி ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். அப்போது அது தாங்கும் அதிர்ச்சி அதிகம். எனவே ஓடிக்கொண்டிருக்கும் கணினியை மூடி பையில் திணித்துக்கொண்டு பேருந்தில் ஏறாதீர்கள். அணைத்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் நகல், பிறகே சோதனை

மருத்துவர் நோயாளியின் உயிரைக் காத்துக்கொண்டுதான் நோயை ஆராய்வார். இங்கே உயிர் என்பது தகவல். விண்டோசில் உள்ள 'செக்டிஸ்க்' போன்ற பழுதுநீக்கும் கட்டளைகளைப் பலர் உடனே கொடுத்துவிடுகிறார்கள். அவை தட்டில் எழுதக்கூடியவை. மீட்கக்கூடிய தகவலும் அதனால் போய்விடலாம். ஆகவே நான் அந்தக் கணினியை அதன் வன்தட்டிலிருந்து இயக்கவில்லை. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் கொண்டு இயக்கினேன். 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச நிரலால் தட்டு முழுவதையும் வேறொரு வன்தட்டிற்கு நகலெடுத்தேன்.

சாதாரணமாக நகலெடுக்கும்போது முதல் பிழையிலேயே வேலை நின்றுவிடும். இந்த நிரலோ தேர்வு எழுதும் கெட்டிக்கார மாணவனைப் போன்றது. தெரிந்த வினாக்களை முதலில் எழுதி முடித்துவிட்டு, கடினமானவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். இரவு முழுவதும் அது ஓடியது. காலையில் பார்த்தபோது ஆறு செக்டர்கள் மட்டுமே படிக்க முடியாதவையாக எஞ்சியிருந்தன. அவற்றுள் இரண்டு காலி இடத்தில் இருந்தன. நான்கு பாட்டுப் பதிவினுள் இருந்தன.

எண்கள் சொல்லும் செய்தி

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். இந்த ஏற்பாட்டிற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். லினக்சில் 'ஸ்மார்ட்சிடிஎல்' என்னும் கட்டளையாலும், விண்டோசில் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற நிரல்களாலும் இதைப் படிக்கலாம். பல வரிகள் வரும். நமக்கு ஐந்து போதும்.

வரிசை எண் 5: உபரிச் செக்டருக்கு மாற்றப்பட்டவற்றின் எண்ணிக்கை.

வரிசை எண் 9: வன்தட்டு ஓடிய மணிகள். 'புதிது' என்று விற்றது உண்மையிலேயே புதிதா என்பதையும் இது காட்டிவிடும்.

வரிசை எண் 197: படிக்க முடியாமல், முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள்.

வரிசை எண் 198: சோதனையில் திருத்த இயலாதவை எனத் தெரிந்தவை.

வரிசை எண் 199: வன்தட்டுக்கும் கணினிக்கும் இடையே தகவல் செல்லும் வழியில் நேர்ந்த பிழைகள். இது ஏறினால் குற்றம் தட்டில் இல்லை, இணைப்பில் இருக்கலாம்.

எங்கள் வன்தட்டில் 9-ஆம் எண் 61 மணி என்றது. புதிதுதான். 199-ஆம் எண் 0. இணைப்பு நன்றாக இருந்தது. 5-ஆம் எண்ணும் 0. ஆனால் 197-ஆம் எண் 48! அந்தத் தட்டு 512 எழுத்துக் கணக்கில் எண்ணிச் சொன்னது. ஒரு 4096 செக்டரில் எட்டு 512 அடங்கும். 48-ஐ எட்டால் வகுத்தால் ஆறு. நகலெடுத்தபோது கிடைத்த அதே எண்ணிக்கை! இரு வேறு வழிகளில் ஒரே விடை வந்தால் நம் முடிவில் நம்பிக்கை வலுப்படுகிறது அன்றோ?

ஆறே செக்டர்கள்தானே, மென்பழுதாக இருக்கக்கூடாதா? இதற்கு விடை காண, வன்தட்டின் நீண்ட சுயசோதனையை இயக்கினேன். இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஓட வேண்டிய அந்தச் சோதனை, படிக்க முடியவில்லை என்று இடையிலேயே நின்றது. இரண்டு நாள் கழித்து மீண்டும் பார்த்தேன். 197-ஆம் எண் 72 ஆகியிருந்தது. ஆறு ஒன்பதாகிவிட்டது. இடையில் கணினி கீழே விழவும் இல்லை, மின்சாரம் தடைபடவும் இல்லை.

இங்கே ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கண்ட எண்ணிக்கையைவிட, அது வளர்கிறதா என்பதே முக்கியம். வளராமல் நிற்கும் பழுது தழும்பு. வளரும் பழுது நோய். 2007-இல் கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதற்குத் துணை நிற்கிறது. பரப்புச் சோதனையில் முதல் பிழை தோன்றிய வன்தட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையில்லாத தட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆனால் செயலிழந்த தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை இத்தகைய முக்கிய எச்சரிக்கைகள் எதையும் காட்டவில்லை என்றும் கண்டார்கள்! எண்கள் நன்றாக இருக்கின்றன என்பதற்காக நகல் எடுக்காமல் இருந்துவிடக் கூடாது என்பது இதன் பொருள்.

முடிவு

சோதனை எண்களை அச்சிட்டு எடுத்துச் சென்றோம். உத்தரவாதக் காலம் இருந்ததால் வன்தட்டை மாற்றிக் கொடுத்தார்கள். பழுதுக்குக் காரணம் பிறவிக் குறையா, வழியில் பட்ட அடியா என்பதை இந்த எண்களைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. அவை 'என்ன' என்று கூறும். 'ஏன்' என்று கூறா.

பாட்டு என்ன ஆயிற்று? நான்கு செக்டர்கள் என்றால் 16,384 எழுத்துகள். அந்தப் பதிவில் ஒரு வினாடி ஒலிக்கு 16,000 எழுத்துகள் செலவாகியிருந்தன. ஆகவே 40 நிமிடத்தில் நாங்கள் இழந்தது ஒரே ஒரு வினாடி. பதினெட்டாவது நிமிடத்தில் குரல் ஒரு கணம் தடுக்கி, பிறகு தொடர்கிறது. அந்தப் பதிவு இப்போது மூன்று வீடுகளில், மூன்று படிகளாக இருக்கிறது.

இன்று விற்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் சுழலும் தட்டு இல்லை, எஸ்.எஸ்.டி. என்னும் மின்னணு நினைவகம் உள்ளது. அதற்கு அதிர்ச்சியால் தலை மோதும் அபாயம் இல்லை. ஆயினும் அதிலும் பழுதான பகுதிகள் உண்டு, உபரிகள் உண்டு, தன் உடல்நிலையைக் கூறும் எண்களும் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் சிற்றூர் வீடுகளுக்கும் கணினி வந்து சேர்ந்தது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கணினி இருந்தால், இன்றே அந்த எண்களைப் பார்த்து ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் ஒப்பிடுங்கள்.

செய்து பாருங்கள்

ஒன்பது கட்டங்கள் (3 × 3) வரைந்து, அவற்றில் 0 அல்லது 1 எழுதுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி வலப்பக்கம் ஒரு 0 அல்லது 1 சேருங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் கீழே அவ்வாறே செய்யுங்கள். இப்போது நண்பனிடம் கொடுத்து, ஒன்பது கட்டங்களில் ஏதேனும் ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் மாற்றச் சொல்லுங்கள். இரட்டைப்படை கெட்ட வரிசையும் நிரலும் சந்திக்கும் கட்டமே மாற்றப்பட்டது! இரண்டு கட்டங்களை மாற்றினால் திருத்த முடிகிறதா? முயன்று பாருங்கள். செக்டர் எப்போது பழுதாகிறது என்பது உங்களுக்கே விளங்கும்.

கணக்கிடுக

1. நிமிடத்திற்கு 7200 சுற்றுகள் சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் என்ன?

2. 60 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்த கணினி, அதன் உறையின் பஞ்சு அமுங்குவதால் 2 செ.மீ. தொலைவில் நிற்கிறது. எதிர்முடுக்கம் g-ஐப் போல் எத்தனை மடங்கு?

விடைகள்: 1. 1/120 வினாடி. 2. 30 மடங்கு.