கல்யாண நாளுக்கு ஏரிக்கரைப் பக்கம் கிளம்புகிறவர்களுக்கு

கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டு வரும் சின்னஞ்சிறுசுகளை நான் மதுராந்தகம், உத்திரமேரூர், வேடந்தாங்கல் பக்கம்தான் அனுப்பிவைக்கிறேன். பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். போவதற்கு முன் சிலவற்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள். தை மாதம் கல்யாணம் ஆனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரிகளில் தண்ணீர் நிற்கும், பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கும். வைகாசியில் ஆனவர்கள் அந்த நாளை வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடுங்கள், பயணத்தை மார்கழிக்குத் தள்ளிப்போடுங்கள். வெடித்துக் கிடக்கும் ஏரியையும் வெறும் மரத்தையும் பார்க்க அவ்வளவு தூரம் வண்டி ஓட்ட வேண்டாம்.

2. இருவர் மட்டும் போங்கள். அத்தையையும் மைத்துனனையும் ஏற்றிக்கொண்டால் அது குடும்பச் சுற்றுலா. அதற்கு வேறு நாள் இருக்கிறது.

3. காலையில் முதலில் மதுராந்தகம். ஏரிகாத்த ராமர் கோயிலுக்குப் பதினோரு மணிக்குள் போய்விடுங்கள்; மதியம் நடை சாத்திவிடுவார்கள். அங்கே ராமர் சீதையின் கையைப் பற்றியபடி நிற்கிறார். கல்யாண நாளில் கும்பிட அதைவிட நல்ல சன்னிதி எனக்குத் தெரியவில்லை. 1798-இல் பெருமழையில் கரை உடையப் போகிறது என்று ஊரே பதறியபோது, வில்லேந்திய இருவர் கரையில் காவல் நின்றதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் கண்டார், அதனால்தான் தாயார் சன்னிதியைக் கட்டிக்கொடுத்தார் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை. கதையைக் கேட்டதோடு நிற்காமல் கரைமேல் ஏறுங்கள். ஏரியில் தண்ணீர் கூடவோ குறையவோ இருக்கட்டும், இந்தக் கரை உடைந்தால் கீழே எத்தனை ஊர் தாங்காது என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும்.

4. எந்த ஏரிக்குப் போனாலும் அங்கே இருக்கும் ஒருவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இந்தத் தண்ணி எங்கேருந்து வருது, எங்கே போகுது?” ஆடு மேய்க்கிறவரோ, வயலுக்குப் போகிற அம்மாவோ, கை நீட்டிக் காட்டுவார்கள். இதை மறந்துவிடாதீர்கள், நான் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான். மேட்டு ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கும் கீழே. மதகு வழியாக வயலுக்குப் போவது தனிக்கணக்கு. கலங்கலின் கற்களை உற்றுப் பாருங்கள், தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைப் பாசிக்கோடு காட்டும். அந்தக் கல் வழுக்கும், அதன்மேல் நின்று படம் எடுக்காதீர்கள். மதகு அருகே குளிக்கவே கூடாது, உள்ளே இழுக்கும். வழியில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்கால் மண்ணடித்து மனைப்பிரிவாகியிருப்பதும் கண்ணில் படலாம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நீங்களும் பார்க்கத்தான் வேண்டும். நாளைக்கு வீட்டுமனை வாங்கப் போகிறவர்கள் நீங்கள்தானே.

5. உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தது. ஆயிரத்து நூறு ஆண்டு ஆகிவிட்டது. அந்தத் தேர்தலில் ஏரி வாரியத்துக்கு என்று ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முந்நூற்றறுபது நாள் பதவி. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், வயது முப்பத்தைந்து ஆகியிருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. ஏரியை நம்பிப் பிழைத்த ஊர் இவ்வளவு கறாராகத்தான் இருந்திருக்கிறது. சுவரின் எழுத்தை ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்க மற்றவர் கேளுங்கள்.

6. சாப்பாடு: புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். இலையைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள்.

7. வேடந்தாங்கலுக்கு மாலை நான்கு மணிக்கு. இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டியிருக்கும். நத்தைகுத்தியைத் தூரநோக்கியில் பாருங்கள்: அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், நத்தையைப் பிடிக்க வாகான வாய். 1858-இலேயே கலெக்டர் உத்தரவு வாங்கிப் பறவைகளைக் காத்த ஊர் இது. தீபாவளிக்கு இன்றும் வெடி வெடிப்பதில்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊராருக்குத் தெரியும். 2022-இல் வேடந்தாங்கல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வழியில் இருக்கும் கரிக்கிலியும் அப்படியே. ஆகவே கார் ஹாரனையும் கைபேசிப் பாட்டையும் நிறுத்திவிடுங்கள். சிவப்பும் மஞ்சளும் பளபளக்கும் உடுப்பு வேண்டாம்; பட்டுப்புடவையைக் கோயிலோடு மாற்றிக்கொள்ளலாம்.

8. வழி தவறியதற்காகச் சண்டை வரும். வரட்டும். வண்டியை ஓரம் கட்டி இறங்கிக் கரையில் கொஞ்சம் நடங்கள், ஓட்டுகிறவர் வழி சொன்னவரைக் குறை சொல்ல வேண்டாம். அந்தச் சாலைகள் கரைமேலேயே வளைந்து போகும். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். தை, மாசியில் சாலையிலேயே நெல் காயும், அதன்மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போங்கள், அது ஒரு வீட்டின் வருஷத்துச் சோறு. இருட்டிய பிறகு விளக்கில்லாத டிராக்டர் பெட்டிகள் எதிரே வரும். ஆறரைக்குள் படாளம் கூட்டுரோடுக்கு வந்து, ஒரு டீ குடித்துவிட்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஏறுங்கள்.