கண் சிகிச்சை முகாமும் நம் கடமையும்



"இலவசக் கண் சிகிச்சை முகாம்" என்ற நோட்டீஸைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. திருத்தங்கல் பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, டீக்கடைச் சுவர் என்று எங்கும் ஒட்டியிருப்பார்கள். அடியில் ரோட்டரி சங்கம் என்றோ அரிமா சங்கம் என்றோ போட்டிருக்கும். நானும் பல வருஷம் அதைப் படித்துவிட்டு அப்படியே போயிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அந்த நோட்டீஸை வீட்டில் படித்துச் சொல்ல வேண்டிய ஆளும் நான்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் அப்பத்தாவுக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது.

சேவைச் சங்கங்கள்: சிறு அறிமுகம்

ரோட்டரி சங்கத்தை 1905ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் தொடங்கினார். உறுப்பினர்கள் ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறை வைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால் 'ரோட்டரி' என்று பெயர் வந்தது. இந்தியாவில் முதல் ரோட்டரி சங்கம் கல்கத்தாவில் அமைந்தது. 1985ல் உலகம் முழுவதும் போலியோவை ஒழிக்கும் பணியை ரோட்டரி கையில் எடுத்தது. அரசும், உலக சுகாதார நிறுவனமும், லட்சக்கணக்கான சொட்டு மருந்து ஊழியர்களும் சேர்ந்து உழைத்ததில், 2011க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. 2014ல் நம் நாடு போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது.

அரிமா சங்கம் (லயன்ஸ்) 1917ல் அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் உருவானது. 1925ல் அதன் மாநாட்டில், பார்வையும் செவித்திறனும் இல்லாத ஹெலன் கெல்லர் அம்மையார் பேசினார். பார்வையற்றோருக்காகப் போராட முன்வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று முதல் கண் பணி அரிமாக்களின் முக்கியப் பணியாகிவிட்டது.

நம் கரிசல் பூமி தந்த டாக்டர்

கண் முகாம் என்றாலே நினைவுக்கு வர வேண்டியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் கிராமத்தில் 1918ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பென்சிலும் பேப்பரும் இல்லாமல் மணலில் எழுதிப் படித்தவர். கடுமையான மூட்டு வாத நோயால் அவருடைய விரல்கள் வளைந்து போயின. அந்த விரல்களாலேயே அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டார். அரசுப் பணியில் இருந்தபோதே கிராமங்களில் கண் முகாம் நடத்தியவர், 1976ல் ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அவர் முறையில் வேலைப் பங்கீடு தெளிவானது. டாக்டர், நர்ஸ், கருவி, ஆபரேஷன் எல்லாம் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. இடம், விளம்பரம், தண்ணீர், சாப்பாடு, ஊர் மக்களைக் கூட்டி வருதல் எல்லாம் முகாமை நடத்தும் சங்கத்தின் பொறுப்பு. இதில் ஒன்று குறைந்தாலும் முகாம் நொண்டும்.

முகாமில் என்ன நடக்கிறது?

முதலில் பெயர்ப் பதிவு. அடுத்து எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வைச் சோதனை. பிறகு கண் அழுத்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். கடைசியில் டாக்டர் பரிசோதிக்கிறார். சிலருக்குக் கண்ணாடி போதும். கண்புரை முற்றியவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள்.

புரை என்பது கண்ணின் மேல் வளரும் தோல் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே கலங்கிப் போவதுதான் புரை. அந்தக் காலத்தில் கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, சோடாபுட்டி மாதிரி தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். இப்போது கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். எந்தப் பவர் லென்ஸ் என்பதைக் கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளந்து கணக்கிடுகிறார்கள். நீளத்தை ஒலி அலையை அனுப்பித் திரும்பும் நேரத்தை வைத்தும் அளக்கலாம். நாம் லேபில் படிக்கும் அல்ட்ராசானிக் தத்துவம்தான் இது! வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992ல் மதுரையிலேயே 'ஆரோலேப்' தொடங்கி, குறைந்த செலவில் லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். இதில் நம் போன்ற தொழில்நுட்ப மாணவர்களுக்கும் பாடம் இருக்கிறது.

நூற்றில் ஏழு பேர் கூட வரவில்லை

இவ்வளவு வசதி இருந்தும் எல்லோரும் வருகிறார்களா? தென்னிந்தியக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1999ல் வெளியானது. கண்ணில் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் கூட முகாமுக்குப் போகவில்லை என்று அது சொன்னது. பயம், வீட்டு வேலையை விட முடியாமை, போக்குவரத்து மற்றும் சாப்பாட்டுச் செலவு, 'இருக்கிற பார்வை போதும்' என்ற எண்ணம் ஆகியவை காரணங்கள்.

என் அப்பத்தா முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். பிறகு வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக் குழாய் உருட்டினார். உருட்டிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. "முகாமுக்கு வா அப்பத்தா, இலவசம்தான்" என்று நான் ஒருநாள் கூப்பிட்டபோது அவர் சொன்னது:

"இலவசம்னு நீ சொல்ற. அங்க போயி நாலு நாள் கெடந்தா கூலி எவன்டா குடுப்பான்? வந்த பெறவும் குனியக் கூடாது, தண்ணி படக் கூடாதும்பாக. உங்க அம்மா ஒருத்தி சம்பாத்தியத்துல எத்தன நாளைக்கு ஓடும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இலவசத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் முகாமுக்குக் கூட்டிப் போனேன். மேடையில் மாலை, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடிய பதினொன்றரை ஆகிவிட்டது. காலையில் சாப்பிடாமல் வந்த பாட்டிகள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். "எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம், வீட்டுக்குப் போவம்" என்று அப்பத்தா எழுந்துவிட்டார். அடுத்த எட்டு மாதம் முகாம் பேச்சையே எடுக்க விடவில்லை.

இரண்டாம் முறை வேறொரு சங்கம் நடத்திய முகாம். உறுப்பினர் ஒருவர் முந்தின நாளே எங்கள் தெருவுக்கு வந்தார். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பாட்டியையும் கூடவே அழைத்து வந்திருந்தார். டாக்டர் பேச வேண்டியதையெல்லாம் அந்தப் பாட்டியே பேசிவிட்டார். அப்பத்தா மதுரைக்கு பஸ் ஏறினார். நானும் அம்மாவும் ராத்திரி உட்கார்ந்து அவர் பங்குக் குழாயையும் உருட்டினோம். கட்டு அவிழ்த்து வந்த அன்று என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "என்னடா, இம்புட்டு மெலிஞ்சு போயிருக்க?" என்றார். நான் மெலியவில்லை. அவர் என் முகத்தைச் சரியாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது, அவ்வளவுதான்.

முகாமுக்கு வராதவர்களை யோசித்துத்தான் 2004 முதல் அரவிந்த் நிறுவனம் கிராமப் பகுதிகளில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்து வருகிறது. அங்கே இருக்கும் பணியாளர் சோதித்ததும், ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் கணினி வழியாகப் பேசி ஆலோசனை சொல்கிறார். வருஷத்தில் ஒருநாள் வரும் முகாமுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

சேவை செய்யக் கையில் பணம் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். நம்மிடம் இருப்பது வேறு.

1. நோட்டீஸை வாய்விட்டுப் படித்துச் சொல்வோம். நம் தெருவில் எழுத்துத் தெரியாத பெரியவர் யார் யார் என்பது சங்கத்தாரைவிட நமக்குத்தான் தெரியும்.

2. முகாமன்று ஒரு பெரியவருக்கு ஒரு மாணவர் என்று கூடவே இருப்போம். பதிவுச் சீட்டு நிரப்புவது முதல் பஸ் ஏற்றுவது வரை துணை வேண்டும்.

3. ஆபரேஷன் முடிந்தபின் சொட்டு மருந்து நேரத்துக்கு விடுகிறார்களா என்று பார்ப்போம். மறு பரிசோதனைக்குக் கூட்டிப் போவோம். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

4. சங்கத்தாரிடம் மரியாதையோடு சொல்வோம்: "ஐயா, மேடை நிகழ்ச்சியைப் பரிசோதனை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாமே!"

நாட்டு நலப்பணித் திட்டம் 1969ல் தொடங்கியது. ரோட்டராக்ட், லியோ என்று இளைஞர்களுக்கான பிரிவுகளும் இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி. அடுத்த நோட்டீஸைப் பார்க்கும்போது, படித்துவிட்டு நடந்து போய்விடாதீர்கள் நண்பர்களே. நம்மைப் படிக்க வைத்த கைகள் கண் தெரியாமல் குழாய் உருட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

— மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னியல் துறை