நாம் என்னும் சொல் வரும் இடம்

படநூல்களைத் தமிழாக்கும் பணியைத் தொடங்கியிருக்கும் அன்புத் தங்கைக்கு,

குடும்பத்தையும் நட்பையும் பற்றிய குழந்தை நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவருபவருக்குச் சொற்பஞ்சம் ஏற்படுவதில்லை. உறவுக்கும் தோழமைக்கும் வேண்டிய சொற்கள் தமிழில் குவிந்து கிடக்கின்றன. இடர்ப்பாடு மூன்றாவது பொருளில்தான் தொடங்குகிறது. ஆங்கிலப் பதிப்பாளர்கள் 'பிலாங்கிங்' என்று பெயரிட்டு வெளியிடும் நூல்கள், ஒரு குழந்தை வீட்டிலோ வகுப்பிலோ தெருவிலோ தனக்கும் இடம் உண்டு என்று உணர்வதையும், அவ்வுணர்வு கிட்டாதபோது அது படும் பாட்டையும் பேசுகின்றன. இதற்கு நிகரான ஒற்றைச் சொல் தமிழில் இல்லை. 'சொந்தம்' ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் அச்சொல் உறவினரையும் உடைமையையும் குறிப்பதால், உறவல்லாத ஓரிடத்தில் குழந்தை வேர்பிடிப்பதைச் சொல்ல அது போதாது. 'ஒட்டுதல்' அன்பைச் சொல்கிறதே தவிர உரிமையைச் சொல்வதில்லை. இதற்காக வருந்த வேண்டியதும் இல்லை. தமிழ் இப்பொருளைப் பெயர்ச்சொல்லில் வைக்காமல் இலக்கணத்துக்குள் வைத்திருக்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் முடிவெடுக்க வேண்டிய இடம் அட்டையில் அச்சிடும் தலைப்பில் இல்லை, உள்ளே வரும் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது என்பதைத் தங்கைக்கு உணர்த்தவே இக்கடிதம் எழுதப்படுகிறது.

அவ்வாறான முடிவுகளுள் தலையாயது 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு பற்றியது. பேசுபவர் தம்மோடு எதிரில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டு பேசுவதைத் தமிழ் இலக்கண மரபு உளப்பாட்டுத் தன்மை என்று வழங்குகிறது. ஆங்கிலத்தின் 'வீ' என்னும் சொல்லைக் கேட்பவர், தாம் அதில் அடக்கமா இல்லையா என்பதைச் சூழலைக் கொண்டே ஊகிக்க வேண்டும். தமிழ்க் குழந்தையோ பள்ளிக்குப் போகும் முன்பே இந்த வேறுபாட்டைக் காதால் அறிந்துவிடுகிறது. 'நாங்கள் விளையாடுகிறோம்' என்று ஒரு கூட்டம் சொல்வதற்கும் 'நாம் விளையாடலாம்' என்று அதே கூட்டம் சொல்வதற்கும் இடையே, வகுப்புக்குப் புதிதாக வந்த குழந்தை கடக்க வேண்டிய தொலைவு முழுவதும் அடங்கியிருக்கிறது. மூலநூல் இரண்டு இடத்திலும் ஒரே சொல்லை வைத்திருக்கலாம். தமிழ் நூலில் எந்தப் பக்கத்தில் 'நாங்கள்' முடிந்து 'நாம்' தொடங்குகிறது என்பதுதான் கதையின் திருப்பமாக அமையும். அதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

மாட் டி லா பென்யா எழுதி, கிறிஸ்டியன் ராபின்சன் படம் வரைந்து, 2015-இல் வெளிவந்த 'லாஸ்ட் ஸ்டாப் ஆன் மார்க்கெட் ஸ்ட்ரீட்' இதற்கு நல்ல சான்று. பெரும்பாலும் நாவல்களுக்கே சென்று சேரும் நியூபெரி பதக்கம் 2016-இல் இந்தப் படநூலுக்குக் கிடைத்தது. சிஜே என்னும் சிறுவன் ஞாயிறு வழிபாடு முடிந்து பாட்டியோடு மழையில் பேருந்துக்குக் காத்திருக்கிறான், பேருந்தில் ஏறுகிறான், கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஏழைகளுக்கு உணவு பரிமாறும் கூடத்துக்குப் பாட்டியோடு செல்கிறான். அவ்வளவுதான் கதை. தங்களிடம் ஏன் கார் இல்லை என்று பாட்டியிடம் அவன் கேட்கும் இடத்தில் 'நமக்கு' என்று வைத்தால் பேரனும் பாட்டியும் ஒரே குடையின் கீழ் நிற்பார்கள். அவசரத்தில் 'எங்களுக்கு' என்று விழுந்துவிட்டால் பாட்டி நனைந்துகொண்டு வெளியே நிற்பார். அச்சுப்பிழையைத் திருத்தும் கண்ணுக்கு இந்தப் பிழை தென்படாது. வாய்விட்டுப் படித்துக் கேட்கும் குழந்தைக்கு உடனே தென்படும்.

அதே பேருந்தில் ஓட்டுநரும், பார்வையற்ற ஒருவரும், கிட்டார் வாசிக்கும் ஒருவரும், உடலில் பச்சை குத்திக்கொண்ட ஒருவரும் இருக்கிறார்கள். ஆங்கிலம் இவர்களையெல்லாம் 'ஹீ' என்று சுட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. தமிழில் எழுதுபவரோ ஒவ்வொருவருக்கும் 'அவன்' என்பதா 'அவர்' என்பதா என்று தீர்மானித்தாக வேண்டும். மருத்துவர் வந்தார், வண்டிக்காரன் வந்தான் என்று எழுதும் பழக்கம் தமிழ்க் குழந்தைக் கதைகளில் நெடுநாள் வேரோடியது. எந்தக் குழந்தையின் தந்தை 'ஆர்' விகுதிக்கு உரியவர், எந்தக் குழந்தையின் தந்தை 'ஆன்' விகுதிக்கு உரியவர் என்பதை வகுப்பறையில் அமர்ந்திருக்கும் அத்தனை குழந்தைகளும் அந்த ஒரு வாக்கியத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். எல்லோருக்கும் இடம் உண்டு என்று தலைப்பில் சொல்லும் நூல் உள்ளே விகுதியால் சிலரை வெளியேற்றுமானால் அந்நூலைத் தமிழில் கொண்டுவராமல் இருப்பதே மேல். பேருந்தில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் 'அவர்' என்றே வரட்டும்.

உறவுமுறைச் சொற்களில் வேறொரு விதமான கவனம் தேவைப்படுகிறது. சிஜே தன் பாட்டியை 'நானா' என்று அழைக்கிறான். அதை அப்படியே தமிழ் எழுத்தில் வைக்க இயலாது. படிப்பவர் காதில் அது ஒரு கேள்வியாக ஒலிக்கும், இலங்கை முஸ்லிம்களுக்கோ 'நானா' என்பது அண்ணன். அம்மாச்சி, அப்பத்தா என்று வைத்தால் வாஞ்சை கூடும் என்பது உண்மைதான். ஆயினும் அவர் தாய்வழியா தந்தைவழியா என்பதை நூல் சொல்லாமல் விட்டிருக்கும்போது தமிழ் அதை முடிவுசெய்துவிடலாகாது. 'பாட்டி' போதும். அவர்கள் போய்ச்சேரும் உணவுக்கூடத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 'அன்னதானக் கூடம்' என்றால் கொடுப்பவருக்குப் புண்ணியம் சேரும் வாடை வந்துவிடுகிறது. 'கஞ்சித் தொட்டி' என்றால் பஞ்சத்தின் நினைவும், வேலை இழந்த நெசவாளர் ஊர்களின் நினைவும் வந்து கலக்கின்றன. இலவசமாகச் சாப்பாடு போடும் இடம் என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

எந்த நூலை எடுப்பது என்பதிலும் தங்கை கண்டிப்பாக இருக்க வேண்டும். வேறுபட்ட குழந்தை ஒன்று ஒதுக்கப்படுவதும், பிறகு ஏதோ ஓர் இக்கட்டில் அந்த வேறுபாடே எல்லோருக்கும் பயன்பட்டுவிட, உடனே அக்குழந்தையை எல்லோரும் தூக்கிக் கொண்டாடுவதும் இவ்வகை நூல்களில் மிக மலிந்த கதைப்போக்கு. மாண்ட்கோமெரி வார்ட் என்னும் அமெரிக்க வணிக நிறுவனத்துக்காக ராபர்ட் மே என்பவர் 1939-இல் எழுதிய சிவப்பு மூக்குக் கலைமான் கதை இதன் நன்கறியப்பட்ட வடிவம்: பனிமூட்டத்தில் வழிகாட்ட ஒளிவிடும் மூக்கு தேவைப்பட்ட பிறகுதான் ருடால்ஃபுக்கு மதிப்புக் கிடைக்கிறது. குழந்தைகள் இக்கதையை விரும்புகிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பனிமூட்டம் வராத ஆண்டில் அந்தக் கலைமானுக்கு என்ன இடம் என்று கேட்டுப் பார்த்தால் கதையின் கணக்கு வெளிப்பட்டுவிடும். பயன்பட்டால்தான் இடம் என்பது வேலைக்கு ஆள் எடுக்கும் முறை. வீட்டிலும் வகுப்பிலும் குழந்தை எதையும் ஈட்டிக் காட்டாமலே உரியது.

இதற்கு நேர் எதிரானது எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே'. 1962-இல் வெளிவந்து, படநூல் ஓவியத்துக்கான கால்டிகாட் பதக்கத்தை 1963-இல் பெற்ற இந்நூலில் பீட்டர் என்னும் கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகிறான், ஒரு பனியுருண்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துகிறான், அது உருகிப்போனதற்கு வருந்துகிறான். அவன் யாரையும் காப்பாற்றுவதில்லை, எதையும் நிறுவுவதில்லை. இந்த எளிமை அந்த நாளில் எத்தனை அரிது என்பதை நான்சி லாரிக் 1965-இல் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் வெளியிட்ட கட்டுரை காட்டுகிறது: 1962 முதல் 1964 வரை வெளிவந்தவற்றுள் அவர் ஆராய்ந்த 5,206 குழந்தை நூல்களில், ஒரு கறுப்பினத்தவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே, அதாவது நூற்றுக்கு ஏழு கூட இல்லை. புருக்ளினில் போலந்து யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்து, கேட்ஸ் என்னும் குடும்பப் பெயரைக் கீட்ஸ் என்று மாற்றிக்கொண்டு வாழ்ந்த ஓர் ஓவியர், 'லைஃப்' இதழில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் படங்களைக் கத்தரித்து இருபதாண்டுக்கு மேல் பாதுகாத்து வைத்திருந்தே பீட்டரை உருவாக்கினார் என்பதும் நினைக்கத்தக்கது. வெளியே நிறுத்தப்படுவதன் வலியை அறிந்த கை, உள்ளே இருப்பதன் இயல்பை வரைந்திருக்கிறது.

அந்நூலின் வாசகத்தில் பீட்டரின் நிறம் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. படம் மட்டுமே அதைச் சொல்கிறது. லாரிக் அதையே ஒரு குறையாகச் சுட்டினார். ஆயினும் மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஒரு பாடம் இருக்கிறது. படநூல் என்பது படம் சேர்த்த கதை அன்று. சொல் பாதியும் படம் பாதியுமாகப் பொருளைப் பங்கிட்டுக்கொள்ளும் வடிவம் அது. அச்சுத்தாளை மடிக்கும் கணக்கு கருதிப் பெரும்பாலும் 32 பக்கங்களுக்குள் அடக்கப்படும் அந்த வடிவத்தில், படம் சொல்வதைத் தமிழ் வாசகமும் விளக்கத் தொடங்கினால், கண்டுபிடிக்கும் இன்பம் குழந்தையிடமிருந்து பறிபோய்விடும். தமிழாக்கத்தில் நல்லெண்ணத்தோடு சேர்க்கப்படும் விளக்க வாக்கியங்கள்தாம் பல நல்ல நூல்களைக் கெடுத்திருக்கின்றன.

ரூடீன் சிம்ஸ் பிஷப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1990-இல் எழுதிய கட்டுரையில் குழந்தை நூலைச் சாளரத்துக்கும், உள்ளே நடந்து செல்லத்தக்க கண்ணாடிக் கதவுக்கும், தன் முகம் காட்டும் ஆடிக்கும் ஒப்பிட்டார். இவ்வுவமை இன்று அளவுக்கு மேல் எடுத்தாளப்படுகிறது. எனினும் மொழிபெயர்ப்பில் சாளரமாக வரும் நூல் சில வேளை எதிர்பாராமல் ஆடியாகிவிடுகிறது என்பதைச் சொல்ல அது உதவும்.

ஆண்ட்ரியா வாங் எழுதி, ஜேசன் சின் வரைந்து, 2021-இல் வெளிவந்த 'வாட்டர்கிரஸ்' அத்தகையது. 2022-இல் கால்டிகாட் பதக்கம் பெற்ற நூல் அது. ஒஹாயோவில் காரில் போய்க்கொண்டிருக்கும் சீனக் குடியேறிகளான பெற்றோர் சாலையோரப் பள்ளத்தில் விளைந்த நீர்க்கீரையைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, பிள்ளைகளையும் இறக்கிப் பறிக்கச் சொல்கிறார்கள். தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்று மகள் கூசிப்போகிறாள். இரவு அந்தக் கீரையை உண்ண மறுக்கிறாள். அதன் பிறகே தாய், சீனத்துப் பஞ்சத்தில் தன் தம்பியை இழந்த கதையை முதன்முறையாகச் சொல்கிறார். கூச்சப்பட்டதற்காக மகள் கூச்சப்படுகிறாள். வேலியோரத்து முருங்கையையும் வரப்போரத்துப் பொன்னாங்கண்ணியையும் பறித்துவரும் பாட்டியோடு நடந்துபோகையில் பள்ளித் தோழி எதிர்ப்படும் கணத்தை அறிந்த தமிழ்க் குழந்தைக்கு இந்நூல் சாளரம் அன்று. அதற்காகக் கீரைக்குப் பொன்னாங்கண்ணி என்று பெயர் மாற்றும் ஆசை எழுந்தால் அதை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கீரைதான் சீனத்தையும் ஒஹாயோவையும் இணைக்கும் நூலிழை. 'நீர்க்கீரை' என்று சொன்னாலே குழந்தை தன் கீரையைத் தானே கண்டுகொள்ளும். கதை சொல்பவள் மகள் என்பதால் 'நாங்கள்' என்றே வாசகம் நடக்கும். ஆனால் தாய் பேசத் தொடங்கும் இடத்தில் தன் பிறந்த வீட்டை 'எங்கள் வீடு' என்பாரா, 'நம் வீடு' என்பாரா? 'நம்' என்றால் மறைந்த அந்தத் தம்பி மகளுக்கும் மாமா ஆகிறான். அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் காத்திருந்தாலும் தகும்.

பெருவில் பிறந்த ஹுவானா மார்ட்டினெஸ் நீலின் 2018-ஆம் ஆண்டு நூலில், தன் பெயர் நீளமாக இருக்கிறது என்று குறைப்படும் ஆல்மாவுக்கு, அப்பெயரில் 'ஆல்மா' நீங்கலான ஒவ்வொரு பகுதியும் எந்த முன்னோரிடமிருந்து வந்தது என்று தந்தை எடுத்துரைக்கிறார். பேரன், பேத்தி என்பவை பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை, அதாவது முன்னோர் பெயரைத் தாங்குபவர்கள் என்பதைத் தமிழ் ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பதால், இந்நூல் தமிழில் மூலத்தைவிட ஒரு படி ஆழமாக ஒலிக்க இடமுண்டு.

உறவுச்சொல்லின் இனிமையில் மயங்கிவிடாமல் இருக்க யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலைத் தங்கை படிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்ற அந்நூலில், தனக்கு நேரும் பாலியல் தொல்லையை வெளியே சொல்ல முடியாத சிறுமிக்கு ஒரு மரப்பாச்சி துணைநிற்கிறது. மாமா, தாத்தா என்று அழைக்கப்படுவதனாலேயே ஒருவர் நம்பத்தக்கவர் ஆகிவிடுவதில்லை. குழந்தைக்கு உறவுச்சொல்லைக் கற்பிக்கும் நூல்கள், அச்சொல்லை மறுக்கும் உரிமையையும் அதற்குக் கொடுத்தாக வேண்டும். மேலும், இன்றைய தமிழ்க் குழந்தைகள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைத் தமிழிலேயே எழுதுபவர்களிடமிருந்துதான் கற்க முடியும்.

நட்பு நூல்களில் ஆர்னால்ட் லோபெல் 1970 முதல் 1979 வரை எழுதிய தவளை-தேரைக் கதைகள் நான்கு தொகுதிகளுக்கும் ஈடாகப் புதியவற்றுள் மிகச் சிலவே உள்ளன. கடைசித் தொகுதியின் இறுதிக் கதையில், தனியாக இருக்க விரும்புவதாகத் தவளை எழுதிவைத்த சீட்டைக் கண்டு தேரை கலங்கிப்போகிறது. நண்பனுக்குத் துயரம் என்றெண்ணி உணவு கட்டிக்கொண்டு, ஆமையின் முதுகில் ஏறித் தவளை இருக்கும் தீவுக்குச் செல்கிறது. தவளையோ மகிழ்ச்சியாகவே இருக்கிறது. தனக்கு வாய்த்தவற்றை, தேரையின் நட்பு உட்பட, எண்ணிப் பார்க்கவே அது தனிமையை நாடியது. பின்னர் இரண்டும் அருகருகே, தத்தம் தனிமை குலையாமல், அமர்ந்திருக்கின்றன. இதைச் சொல்லும் கடைசி வரியில் 'தனிமை' என்று எழுதினால் துயரம் தொற்றிக்கொள்கிறது. 'தனித்தனியே' என்றால் நண்பர்கள் பிரிந்துவிடுகிறார்கள். 'இருவரும் தனியாக' என்றால் பிறரை விலக்கிய தனிமையாகிவிடுகிறது. 'சேர்ந்து தனியாக' என்பது இலக்கணக் காதுக்கு முரணாகப் படலாம், குழந்தையின் காதுக்கு அப்படிப் படாது என்று தோன்றுகிறது. மற்ற நூல்களுக்கு முன்னால் இந்த ஒரு கதையின் வரைவைத் தங்கை அனுப்பிவைத்தால், அந்தக் கடைசி வரியைச் சில குழந்தைகளிடம் படித்துக் காட்டிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா