மரப் பாலிஷ் வேலையும் கைக்குப் பாதுகாப்பும்



லுஹர் பாங்கு ஒலிக்கிறது. கதவுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்த ஒருவர் வேலையை நிறுத்துகிறார். விரல்களிலும் நகங்களிலும் வார்னிஷ் பசைபோல் ஒட்டியிருக்கிறது. தோலில் நீர் படாமல் மறைப்பது எதுவாயினும் அதை நீக்கிவிட்டே ஒளூச் செய்ய வேண்டும் என்பது மதரஸாவில் நாம் படித்த பாடம். ஆகவே அவர் ஒரு துணியைத் தின்னரில் நனைத்து, மணிக்கட்டு வரை அழுத்தித் தேய்க்கிறார். ஒரு நிமிடத்தில் கை சுத்தமாகிவிடுகிறது.

அவருடைய நோக்கம் நல்லது. ஆனால் வழி தவறு. தின்னர் வார்னிஷை மட்டும் கரைப்பதில்லை. தோலைக் காக்கும் இயற்கைக் கொழுப்பையும் கரைக்கிறது. நாளடைவில் தோல் வறண்டு, வெடித்து, அரிப்பும் புண்ணும் உண்டாகின்றன. தின்னரின் ஒரு பகுதி தோல் வழியே உட்புகுந்து இரத்தத்திலும் கலக்கிறது. பாங்கு ஒலித்த பிறகு கையைத் துடைக்க வழி தேடுவதைவிட, காலையிலேயே தக்க கையுறையை அணிந்துகொள்வது எளிது. தக்க கையுறை எது என்பதே இன்றைய பாடம்.

பாசிர் கூடாங்கில் வாழும் நமக்கு இரசாயனத்தின் குணத்தைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2019 மார்ச் மாதத்தில் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். வட்டாரத்தின் 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அப்போது கண்டறியப்பட்ட பொருள்களில் டொலுயீனும் சைலீனும் இருந்தன. இவ்விரண்டும் பல தின்னர்களிலும் உள்ளவை. அன்று காற்றில் வந்ததைக் கண்டு அஞ்சிய நாம், டின்னில் இருப்பதை வெறுங்கையால் அள்ளலாமா?

கையுறையைத் தேர்ந்தெடுப்பதற்கு அடிப்படை விதி ஒன்று உண்டு. விலையையும் நிறத்தையும் மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. பூச்சில் கலந்துள்ள கரைப்பான் எது என்று பார்த்தே வாங்க வேண்டும். ஒரு கரைப்பானைத் தடுக்கும் கையுறை, மற்றொன்றைத் தடுக்காமற் போகலாம்.

கையுறை இரண்டு விதமாகத் தோற்கும். ஒன்று, அது ஊதி, இளகி, கிழிந்துபோகும். இது கண்ணுக்குத் தெரியும். மற்றொன்று, கையுறை முழுமையாகவே இருக்கும். ஆனால் இரசாயனம் அதனூடே ஊடுருவி உட்புறம் வந்துவிடும். இது கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நச்சு உலோகங்களை ஆராய்ந்த பேராசிரியை கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்னும் பாதரசச் சேர்மத்தைக் கையாண்டார். சில துளிகள் கையுறைமீது சிந்தின. கையுறை கிழியவில்லை. ஆயினும் அம்மாதிரிக் கையுறையை அத்திரவம் 15 வினாடிக்குள் ஊடுருவிவிடும் என்று பின்னர் நடந்த சோதனை காட்டியது. 1997 ஜூனில் அவர் காலமானார். வார்னிஷ் அத்தகைய கொடிய நஞ்சன்று; ஆனால் பாடம் ஒன்றே: கிழியாத கையுறை எல்லாம் காக்கும் கையுறை ஆகிவிடாது.

இனி, ஒவ்வொரு பூச்சுக்கும் ஏற்றது எது என்று காண்போம்.

1. நீர் கலந்த பூச்சு: சாதாரண மெல்லிய நைட்ரைல் கையுறை போதும்.

2. ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் அல்லது ஒயிட் ஸ்பிரிட் கலந்த வார்னிஷ்: நைட்ரைலே நல்லது. இயற்கை ரப்பர் கையுறை ஆகாது. பால்மரம் வெட்டி வளர்ந்த இந்நாடு, இன்று உலகுக்கே கையுறை செய்து அனுப்புகிறது. என்றாலும் மரப்பாலின் ரப்பர் இத்தகைய எண்ணெய்களில் ஊதி இளகிவிடும். துணிக் கையுறையோ எண்ணெயை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைத்துவிடும். மேலும், ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் குவித்து வைத்தால், அது தானே சூடேறித் தீப்பற்றும். அதை விரித்து உலர்த்த வேண்டும். அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

3. ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்குப் பாலிஷ்: சிறிது நேர வேலைக்கு நைட்ரைல் அணிந்து, நனைந்தால் உடனே மாற்றலாம். நெடுநேர வேலைக்கு நியோப்ரீன் அல்லது பியூட்டைல் ரப்பர் மேலானது.

4. லேக்கரும் அதன் தின்னரும்: இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இத்தின்னரில் அசிட்டோன், டொலுயீன் போன்ற பல கரைப்பான்கள் சேர்ந்திருப்பதுண்டு. அசிட்டோனுக்கு நைட்ரைல் நில்லாது. டொலுயீனுக்குப் பியூட்டைல் நில்லாது. எனவே பல படலங்களை ஒட்டிச் செய்த பிளாஸ்டிக் கையுறையை உள்ளேயும், கைக்குப் பொருந்தும் நைட்ரைலை மேலேயும் அணிவது தக்கது. மெல்லிய நைட்ரைலை மட்டும் அணிந்திருந்தால், தெறித்த அப்போதே கழற்றி எறிய வேண்டும்.

5. இரண்டு டின் கலந்து பூசும் பி.யூ. பாலிஷ்: இதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் உண்டு. அது ஒருவருக்கு ஒவ்வாமையாகிவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். ஆகையால் தெறிப்புக்குக்கூடக் கை திறந்திருக்கக்கூடாது. தடித்த நைட்ரைலா, பியூட்டைலா என்பதை அதனுடன் கலக்கும் தின்னரே முடிவு செய்யும். தெளிப்பு வேலைக்குத் தகுந்த சுவாசக் கவசமும் கட்டாயம் வேண்டும்.

கடையில் வாங்கும்போது உறையில் 374 என்ற ஐரோப்பியத் தர எண்ணையும், ஒரு குடுவைப் படத்தையும், அதனடியில் உள்ள ஆங்கில எழுத்துகளையும் பாருங்கள். பி அசிட்டோனைக் குறிக்கும், எஃப் டொலுயீனை, ஐ எத்தில் அசிட்டேட்டை. நம் தின்னரில் உள்ளவற்றுக்கான எழுத்து அங்கே இல்லையானால், அக்கையுறை அதற்குச் சோதித்துத் தேறியதாகக் கொள்ள இடமில்லை.

தின்னரில் என்ன இருக்கிறது என்று எப்படி அறிவது? 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, அபாயகரமான இரசாயனத்தை விற்பவர் அதன் பாதுகாப்புத் தகவல் தாளை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும். அதன் மூன்றாம் பகுதி சேர்மானங்களையும், எட்டாம் பகுதி அணிய வேண்டிய காப்புகளையும் கூறும். தொழிலாளர்கள் அதைக் கேட்டுப் பெறத் தயங்கக்கூடாது. 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் முதலாளி அளிக்க வேண்டிய காப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கவும் கூடாது. பட்டறை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இதைச் சட்டத்துக்காக மட்டுமன்றி, அமானிதமாகவும் கருத வேண்டும். நம்மை நம்பி வேலைக்கு வந்தவரின் கை அது.

கழற்றும் முறையும் பாடத்தின் ஒரு பகுதியே. ஒரு கையுறையின் வெளிப்புறத்தைப் பிடித்து, உள் வெளியாகப் புரட்டிக் கழற்றுக. பின்பு வெறும் விரலை மற்றதன் உட்புறம் நுழைத்து, அதையும் அவ்வாறே கழற்றுக. மெல்லிய கையுறையை மறுமுறை அணிய வேண்டாம். உட்புறம் நனைந்த கையுறை, இரசாயனத்தைத் தோலோடு சேர்த்துக் கட்டிவைக்கும். ஆதலால் அது வெறுங்கையினும் கேடு.

இவ்வளவுக்குப் பின்னும் எண்ணெய் வார்னிஷ் கையில் பட்டுவிட்டால், அது உலருமுன் சிறிது சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, எண்ணெய்ப் பசை போகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தின்னர் டின்னை மூடியே வையுங்கள்.

அடுத்த முறை பாங்கு ஒலிக்கும்போது, கையுறையைக் கழற்றிச் சோப்பால் கை கழுவி, நேரே ஒளூவுக்குச் செல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும். உழைக்கும் கை இறைவன் தந்த அருட்கொடை; அதைக் காப்பதும் நம் கடமை.