களத்துக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

அடுத்த மாதம் தருமபுரிப் பக்கம் புவி இயற்பியல் களப்பயிற்சிக்குப் போகிறாய் என்று அப்பா சொன்னார். மின்தடை, நில அதிர்வு, காந்தம், ஈர்ப்பு என எல்லாவற்றையும் அங்கே தொட்டுக் காட்டுவார்கள். நான் பெரும்பாலும் மின்தடையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்த ஊர் விவசாயி கடன் வாங்கிப் போர் போடுவதற்கு முன் நம்மைக் கூப்பிடுவது அதற்காகத்தான்.

தரையில் நான்கு கம்பிகளை அறைந்து, வெளிக்கம்பிகள் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு நடுவே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இது அரைப்பக்கம்தான். 1912இல் கான்ராட் ஷ்லம்பர்ஜர் நார்மண்டியில் தம் குடும்ப நிலத்தில் செய்து பார்த்ததன் அடிப்படையும் இதுவே. வெயிலில் காய்ந்த செம்மண்ணில் இறங்கினால்தான் மீதிப் பாடம் தெரியும். கம்பியடியில் உப்புத் தண்ணீர் ஊற்றாவிட்டால் மின்னோட்டம் உள்ளே போகாது. ஒயரில் எங்காவது உறை கிழிந்து ஈரத்தில் பட்டால் மின்னோட்டம் அங்கே கசியும்; ஆனாலும் மீட்டர் ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். ஒரு வெளிக்கம்பியை ஒயரிலிருந்து கழற்றிப் பார். மின்னோட்டம் சுழியத்துக்கு விழவில்லை என்றால் கசிவு இருக்கிறது.

அளந்த ஒவ்வொரு புள்ளியையும் அங்கேயே மடக்கைத் தாளில் குறித்துக்கொண்டே போ. மடிக்கணினியில் இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. கிடையாகப் படிந்த அடுக்குகள் மேல், இந்தப் புள்ளிகளை இணைக்கும் ஷ்லம்பர்ஜர் வளைகோடு 45 பாகைக்கு மேல் செங்குத்தாக ஏறவே முடியாது. ஏறினால், ஒன்று உன் அளவு தப்பு, இல்லையென்றால் பக்கத்தில் வேறு ஏதோ இருக்கிறது. இதைக் களத்திலேயே கண்டுபிடித்தால் கம்பியை நகர்த்தி மறுபடி அளக்கலாம். விடுதிக்குத் திரும்பியபின் கண்டுபிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

பக்கத்தில் என்ன இருந்தது என்பதை உன் குறிப்பேடுதான் சொல்ல வேண்டும். கம்பிவேலி, டிரான்ஸ்பார்மர், புதைத்த குடிநீர்க் குழாய், நேற்றுத் தண்ணீர் பாய்ச்சிய வயல், தரைக்கு மேல் தலைநீட்டும் பாறை என எல்லாவற்றையும் திசை, தூரத்தோடு எழுது. எண்களை மீட்டர் சேமித்துக்கொள்ளும்; இவற்றைச் சேமிக்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

இனி சொல்லப்போவதை வகுப்பில் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். மேலே காய்ந்த மண், நடுவே நீர் தங்கும் சிதைந்த பாறை, அடியில் உறுதியான பாறை: அங்கே பெரும்பாலும் இந்த அமைப்புதான். நடு அடுக்கு 10 ஓம்-மீட்டரில் 5 மீட்டர் தடிமனா, 20 ஓம்-மீட்டரில் 10 மீட்டர் தடிமனா என்று வளைகோடு பிரித்துச் சொல்லாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டைத்தான் தரும். மென்பொருள் இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, பிழை குறைவு என்று காட்டும். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதே. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார். எத்தனை அடியில் உறுதிப் பாறை தொடங்குகிறது என்று சுவரிலேயே தெரியும். டேப்பை இறக்கி அளந்துவிட்டால் தடிமன் கையில் கிடைத்தாயிற்று. பிறகு மின்தடை தானாக அமையும். கிணறு தோண்டிய பெரியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் பேசு. எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல தரவு கிடையாது.

காந்த அளவீட்டுக்கு ஒன்று மட்டும். வெளிநாட்டுப் புத்தகப் படங்களில் காந்தப் பாறைக்கு மேல் ஏற்றம் பெரிதாக இருக்கும். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் பக்கத்தில் ஓடுகிறது. நம்மிடம் அதே பாறைக்கு மேல் இறக்கம்தான் பெரிதாக வரும். இறக்கத்தைப் பார்த்துக் காந்தப் பாறை இல்லை என்று எழுதிவிடாதே.

அளவு முடிந்ததும் விவசாயி கேட்பார்: "எத்தனை அடியில தண்ணி, தாயி?" சிதைந்த பாறையின் ஆழத்தை ஏறக்குறைய சொல்லலாம். அறுநூறு அடிக்குக் கீழே இருக்கும் விரல்தடி விரிசல் மேலிருந்து செய்யும் இந்த அளவீட்டில் தெரியாது. அதையும் அவரிடமே சொல். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் உறுதியாக ஓர் அடிக்கணக்கைச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். உனக்கும் அப்படிச் சொல்ல ஆசை வரும். சொல்லாதே. எது தெரியும், எது தெரியாது என்று கேட்ட பிறகு பணத்தைப் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது அவர் உரிமை.

பயிற்சி முடிந்ததும் குறிப்பேட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. அறிக்கை பிறகு வரட்டும்.

அன்புடன்,
சித்தப்பா