கரடிக்குப் பூசணி நறுக்கப் போகிறீர்களா?

"போர்னியோ காட்டுக்குப் போய் விலங்குகளுக்குச் சேவை செய்யப் போறேம்மா" என்று என் மகள் சொன்னபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. போர்னியோ தீவில் உள்ள மலேசியாவின் சபா மாநிலத்தில், சண்டகான் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது செபிலோக் காடு. தாயைப் பறிகொடுத்த ஒராங்ஊத்தான் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி அனுப்பும் வேலை அங்கே 1964 முதல் நடக்கிறது. அதற்கு அடுத்தாற்போல், வோங் சியூ தே என்பவர் 2008-ல் தொடங்கிய சூரியக் கரடிக் காப்பகம். உலகிலேயே சின்னக் கரடி இனம் இதுதான். மகள் போனது அந்தக் கரடிகளிடம். அவளை அனுப்பிவைத்ததில் நான் கற்றுக்கொண்டவை இதோ.

1. எந்த நாட்டுக் காப்பகமானாலும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சலாமா?" "தாராளமாக" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில், 'அநாதைக் குட்டி' என்று சொல்லித் தன்னார்வலர்களைக் கொண்டு சிங்கக்குட்டிகளுக்குப் பால் புகட்டிவிட்டு, வளர்ந்ததும் வேட்டைக்கு விற்ற பண்ணைகள் உண்டு. நல்ல காப்பகம் உங்களை விலங்கிடமிருந்து தள்ளியே நிறுத்தும்.

2. 'சேவைதானே, பணம் எதற்கு?' என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் கட்டணம் உண்டு. தங்குமிடத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, விலங்குகளுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துச் சொல்லத் தயங்குபவர்களிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

3. தடுப்பூசிக்காக, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி வழக்கமாக மூன்று தவணை. முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் இடையே ஆறு மாதம் ஆகிவிடும். டெட்டனஸ், வெறிநாய்க்கடி ஊசிகளைப் பற்றியும் கேளுங்கள். குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் ஒருவகை மலேரியா சபாவில் உண்டு என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

4. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சுற்றுலா அனுமதியில் போய்த் தன்னார்வ வேலை செய்யலாமா, தனி அனுமதி வேண்டுமா என்று காப்பகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: சபாவுக்கெனத் தனிக் குடியேற்றச் சோதனை உண்டு. கோலாலம்பூரில் முத்திரை குத்தியாயிற்றே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள். சபாவில் இறங்கியதும் மறுபடி காட்ட வேண்டும்.

5. பயணக் காப்பீடு எடுக்கும்போது, 'விலங்குகளோடு வேலை செய்கையில் ஏற்படும் காயம்' அதில் அடங்குமா என்று பாருங்கள். சாதாரணச் சுற்றுலாக் காப்பீட்டில் இது விடுபட்டிருக்கலாம்.

6. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டில் ஒத்திகை பாருங்கள். காலை ஏழு மணிக்குள் வாசல், கொல்லை, குளியலறை மூன்றையும் தேய்த்துக் கழுவி, பிறகு இரண்டு கிலோ காய் நறுக்க வேண்டும். "தட்டு கழுவச் சொன்னா ஓடுவேனே, இங்க தினமும் கூண்டு தேய்க்கிறேன்" என்று முதல் வாரமே போனில் சிரித்தாள் மகள். பூசணியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நறுக்கி நறுக்கி விரல்நுனியெல்லாம் மஞ்சளாம். கரடி தானே தேடித் தின்னப் பழக வேண்டும் என்பதற்காக, உணவை மூங்கில் குழாய்க்குள் திணித்து ஒளித்து வைப்பதும் தன்னார்வலர் வேலைதான்.

7. ஜீன்ஸ் எடுத்துப் போகாதீர்கள். அந்த ஈரக் காற்றில் மூன்று நாளானாலும் காயாது. சீக்கிரம் உலரும் முழுக்கைச் சட்டை, பேன்ட் நாலு செட் போதும். செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். துணியோடு ஜிப் கவரில் போட்டால் பூஞ்சை வாடை வராது.

8. அட்டைக்கு வால்பாறைப் பக்கத்துக்காரர்கள் பயப்பட மாட்டார்கள். மற்றவர்கள் முழங்கால்வரை வரும், நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை ஒரு ஜோடி வாங்குங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்கக் கூடாது. வாய்ப்பக்கமாக நகத்தை நுழைத்து மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க அட்டை தன் எச்சிலைக் கலந்துவிடுவதே காரணம். கழுவி, அழுத்திப் பிடித்தால் போதும்.

9. ஒராங்ஊத்தான் நமக்கு மிக நெருங்கிய சொந்தம். நம் சளி, காய்ச்சல், காசநோய் எல்லாம் அதற்கும் தொற்றும். வாலில்லாக் குரங்குகளோடு வேலை என்றால் காசநோய்ப் பரிசோதனை முடிவு கேட்பார்கள்; முன்கூட்டியே எடுத்து வையுங்கள். லேசாகத் தும்மல் வந்தாலும் மறைக்காமல் சொல்லிவிட்டு அறையிலேயே இருங்கள்.

10. கொசு விரட்டிக் களிம்பைக் கண்ட நேரத்தில் பூசாதீர்கள். ஒராங்ஊத்தான்களுக்கு அது ஆகாது என்பதால் செபிலோக்கில் உள்ளே கொண்டுபோகத் தடை. எங்கே, எப்போது பூசலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தின்பண்டமும் அப்படித்தான், பையில் ஒரு கடலைமிட்டாய்கூட இருக்கக் கூடாது.

11. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். மலேசியாவில் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமை. "இதை மட்டும் என் தம்பியிடம் சேர்த்துடும்மா" என்று யார் பொட்டலம் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

12. நம் உருண்டை முனைப் பிளக் அங்கே நுழையாது. சதுர முனைகள் கொண்ட அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பருப்புப்பொடி கால் கிலோ பெட்டியில் கனக்காது. சோறு அங்கேயும் சோறுதான்.

13. நாலு மலாய்ச் சொல் கற்றுக்கொள்ளுங்கள். பாதி நமக்குத் தெரிந்ததுதான்: கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பால்'. இரண்டுமே தமிழிலிருந்து போனவை. 'ஒராங்' என்றால் மனிதர், 'ஹூத்தான்' என்றால் காடு.

14. கடைசியாக, விலங்கு உங்களை அடையாளம் கண்டு ஓடி வரும் என்று கனவு காணாதீர்கள். காட்டுக்குத் திரும்ப வேண்டிய குட்டி மனிதரைக் கண்டு விலகத்தான் வேண்டும். ஒரு மாதம் கழித்து மகள் போனில் குதித்தாள்: "அம்மா, அந்தப் புதுக் குட்டி இன்னிக்கு என்னைப் பார்த்ததும் சரசரன்னு மரத்துல ஏறிடுச்சும்மா!"